வேலிக்கருவைக்கு நடுவே ஒரு வீடு

பெத்தம்மாள் வீடு பார்க்கப் போனால் முதலில் கேட்பது குழாய் எங்கே என்பதுதான். வாசல் எந்தத் திசை, அடுப்படி எந்த மூலை என்பதெல்லாம் அதற்குப் பிறகு. பாளையம்பட்டியில் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில் குழாய் வீட்டுக்குள்ளேயே இருந்தது. திருகினாள். கொஞ்ச நேரம் காற்று முனகியது, பிறகு தண்ணீர் வந்தது. உள்ளங்கையில் பிடித்துக் குடித்துப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் மூக்கில் இடித்தது. அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

"பிடிச்சிருக்கா?" என்றார் அவள் புருசன் பால்சாமி.

"முட்டிக்குப் பிடிச்சிருக்கு."

அந்த வீட்டை விற்கிறவர் மாசக் கடைசி வரை பொறுப்பதாகச் சொன்னார். அதற்குள் அவர்கள் தங்கள் வீட்டையும் அதை ஒட்டிய புஞ்சையையும் விற்றாக வேண்டும். பரளச்சிக்குக் கிழக்கே, ஊரை விட்டுத் தள்ளிக் கரிசலுக்குள் நிற்கும் ஓட்டு வீடு. தெருக்குழாய்க்குத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு போய் வருவதற்குள் பெத்தம்மாளின் இரண்டு முட்டியும் பழுத்துவிடும். டாக்டர் சுமக்கக் கூடாது என்றார். சுமக்காமல் குடிப்பது எப்படி என்று அவர் எழுதித் தரவில்லை.

விலை கேட்டு வந்தவர்கள் வீட்டைச் சுற்றி அடைத்து நின்ற வேலிக்கருவையை, அந்தச் சீமைக்கருவேல முள்ளைப் பார்த்தார்கள். "பாம்பு கெடக்கும்போல" என்று சொல்லி, மோரைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

கடைசியாகப் புரோக்கர் காளீஸ்வரன் வந்து, செல்போனில் நாலு படம் பிடித்து நெட்டில் போட்டான். பத்து நாளில் மறுபடியும் வந்தான்.

"மெட்ராஸ் பார்ட்டி அண்ணாச்சி. பூமிநாதன்னு பேரு. கம்பெனியில பெரிய வேலை பாத்து ரிட்டயர்டு ஆனவரு. படத்தப் பாத்தே கிறங்கிட்டாரு. ஞாயித்துக்கெழம காரெடுத்து வாராரு. எடத்தக் கொஞ்சம் நல்லா வச்சிருங்க."

எடத்தை நல்லா வைப்பது என்றால் பால்சாமிக்கு ஒரே அர்த்தம்தான். அவருடைய அப்பா வெட்டுக்கத்தியால் அந்த மரத்தோடு மல்லுக்கட்டிச் செத்தார். இவர் முள் குத்திச் சீழ் பிடித்து, ஒரு கால்விரலை அதற்குக் கொடுத்தவர். வருகிறவன் வாசலில் இந்தச் சனியனைப் பார்த்துவிட்டால் மானம் என்னாவது? மரத்தை எரித்துக் கரியாக்கி விற்கிற கரிமூட்டக்காரரிடம் போய்ப் பேசினார். மரம் உங்களுக்கு, ஜேசிபி செலவும் உங்களுக்கு என்று முடிவானது. மூன்று நாள் மிஷினோடு மிஷினாக நின்றார்.

"தூரு ஒண்ணு கெடந்தாலும் தல நீட்டும். தோண்டுய்யா."

சனிக்கிழமை சாயங்காலம் வீடு மொட்டை அடித்த தலைபோல வெளிச்சமாக நின்றது. சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்தார். பக்கத்துப் புஞ்சை மட்டும் பழையபடி முள்ளடைந்து கிடந்தது. அதன் சொந்தக்காரன் சோலைச்சாமி திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போனவன். நிலத்தை எட்டிப் பார்த்ததே இல்லை. அங்கிருந்த அவன் வீடும் கூரை விழுந்து கிடந்தது.

"சோம்பேறிப் பய. இவன் மரத்து வெதையத்தான் ஆடு தின்னு நம்ம வாசல்ல போட்டுச்சு" என்று திட்டிவிட்டுத் தூங்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூமிநாதன் காரை விட்டு இறங்கினார். செல்போனைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். மறுபடியும் செல்போனைப் பார்த்தார்.

"இந்த வீடு இல்லையேப்பா?"

"இதுதான் சார்" என்றான் காளீஸ்வரன். அவன் குரலில் உயிரே இல்லை.

"மரமெல்லாம் எங்கே?"

பால்சாமி தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "சுத்தமா எடுத்தாச்சு சார். உங்களுக்காகத்தான்."

"ஏன்?"

வேலிக்கருவையை ஏன் எடுத்தாய் என்று அந்தச் சீமையில் ஒருத்தரும் அவரைக் கேட்டதில்லை. பூமிநாதன் போனை நீட்டினார். படத்தில் பச்சைக்குள் பாதி மறைந்து வீடு நின்றது. சுவர்மேல் ஒரு மயில்.

பெத்தம்மாளுக்குத்தான் முதலில் விளங்கியது. மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"ஒரு மழை பேஞ்சா பழையபடி வந்துரும் சார். அதுக்கு மொளைக்கத்தான் தெரியும், சாகத் தெரியாது."

"எப்பிடி வரும்?" பால்சாமிக்குச் சுருக்கென்றது. "மூணு நாளு நின்னு வேரோட புடுங்கியிருக்கேன். இனி நூறு வருசத்துக்கு மொளைக்காது சார், நான் கேரண்டி."

"நீங்க செத்த சும்மா இருங்க."

"என்ன சும்மா இருக்க? என் வேலையக் கொறச்சுப் பேசுற."

பூமிநாதன் கேரண்டியை நம்பிவிட்டார். வரப்பைத் தாண்டிச் சோலைச்சாமியின் முள்ளுக்குள் நடந்தார். சட்டை கிழிந்தது. கூரையில்லாத வீட்டுக்குள் நின்று வானத்தைப் பார்த்தார். உள்ளேயிருந்து மயில் ஒன்று பறந்தது.

"இது யாரோடது?" என்று அங்கிருந்தே கேட்டார்.

காளீஸ்வரன் அதற்குள் திருப்பூருக்குப் போன் போட்டிருந்தான். சோலைச்சாமி நம்பவில்லை. "ஏலே, என் எடமா? நல்லா விசாரிச்சுச் சொல்லு. எவனும் கேசு கீசு போடப் போறானா?"

தன் புஞ்சையைப் பூமிநாதனுக்குப் பத்திரம் பதிகிற நாளில்தான் சோலைச்சாமி ஊருக்கு வந்தான். பால்சாமியைப் பார்த்து, "எடத்தக் கண்ணாடியால்ல வச்சிருக்கீக அண்ணாச்சி" என்று மெச்சிவிட்டுப் போனான். மாசம் முடிந்ததும் பாளையம்பட்டி வீடு வேறு ஆளுக்குப் போனது. பெத்தம்மாள் ஒரு வாரம் புருசனிடம் பேசவில்லை. தள்ளுவண்டிச் சக்கரம் மட்டும் பேசியது.

அடுத்த மாசம் பூமிநாதனே வாசலுக்கு வந்து நின்றார்.

"ஐயா, ஒரு உதவி. கரிக்கு வெட்டறவங்க ராத்திரியில வந்து மரத்தை வெட்டறாங்க. ஆடும் உள்ளே வருது. பொறுப்பா ஒரு ஆள் பார்த்துக்கணும். சம்பளம் தர்றேன்."

"வேலிக்கருவைக்குக் காவலா?" பால்சாமி எழுந்தே விட்டார். "எங்க அய்யா குழிக்குள்ள இருந்து காறித் துப்புவாரு சார். வேற ஆளப் பாருங்க."

பெத்தம்மாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"போர் போடப் போறீகளா சார்?"

"போட்டாச்சும்மா. தண்ணி உப்பு. சுத்தம் பண்ற மிஷின் வாங்கியிருக்கேன்."

"அதுல ஒரு குழா எங்க அடுப்படிக்கு வரணும். சம்பளத்துல பாதியக் கூடக் கழிச்சுக்கோங்க. இவுக காவல் பாப்பாக."

"ஏ, நான் எங்க..."

"பாப்பாக சார்."

பூமிநாதன் யோசித்துத் தலையாட்டினார். "ஆனா குழாய் போடறதுக்காக ஒரு மரத்தைக் கூட வெட்டக் கூடாது. சுத்திக் கொண்டு போகட்டும்."

பால்சாமிதான் குழாய்க்கு வழி பார்க்கப் போனார். தூருக்குத் தூர் குனிந்து, நெளிந்து, அளவுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தார். சட்டையில் மாட்டிய கிளையைக் கோபத்தோடு இழுத்தார்.

"பாத்துங்க, முறிஞ்சிரப் போகுது" என்றாள் பெத்தம்மாள், வாசலில் இருந்தபடியே.