எட்டு காட்டிய மெஷின்

ஊருக்கெல்லாம் ரத்தம் எடுப்பது என் தொழில். என் ரத்தத்தை யாராவது எடுக்க வந்தால் மட்டும் நான் பாத்ரூமில் இருப்பேன்.

லேபில் எனக்கு வைத்த பெயர் ஸ்வெட்டர். வெயில் மண்டையைப் பிளக்கும் மதியத்திலும் ஸ்வெட்டர்தான், காலில் இரண்டு ஜோடி சாக்ஸ்தான். நான் கையைத் தொட்டாலே, ஊசி குத்துவதற்கு முன்பே ஆட்கள் "அம்மா!" என்பார்கள். மாடி ஏறினால் மூச்சு இரைக்கும். "சோம்பேறி உடம்பு" என்று அம்மா தீர்ப்புச் சொல்லியிருந்தாள். நானும் அப்பீல் போகவில்லை.

கஷ்டம் என்னவென்றால், எனக்குப் பிடித்த வேலை இருப்பதே ரத்த அணுக்களை எண்ணும் மெஷின் அறையில். அந்த மெஷினுக்கு எப்போதும் குளுகுளுவென்று இருக்க வேண்டும். ஒருநாள் குளிர் தாங்காமல் ஏசியை அணைத்தேன். மெஷின் கூப்பாடு போட்டது. லேபின் சொந்தக்காரரான மேடம் ஓடி வந்தார்.

"இன்னொரு தடவை ஏசில கை வெச்சே, ரிசப்ஷன்ல உட்கார வெச்சுடுவேன். டோக்கன் கொடுத்துக்கிட்டே வெயில் காயலாம்."

மெஷினில் புது மருந்து மாற்றும் நாளில், எங்களில் நல்லபடியாக இருக்கும் ஒருவரின் ரத்தத்தை ஓடவிட்டுச் சரிபார்ப்போம். கை நீட்டுவது எப்போதும் ரிசப்ஷன் அக்காதான். அந்த முறை பார்த்து அக்கா லீவு.

"நீ வாடி," என்றார் மேடம்.

"மேடம், எனக்கு பாத்ரூம்..."

"அது எங்கயும் ஓடிடாது."

'எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்' என்று குழந்தைகளிடம் நான் சொல்லும் பொய், அன்று வட்டியோடு எனக்கே திரும்பி வந்தது.

ஹீமோகுளோபின் குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டும். மெஷின் எட்டு என்றது. மேடம் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏசியைப் பார்த்தார்.

"மறுபடி அணைச்சியா?"

"சத்தியமா இல்ல மேடம்!"

"எட்டு இருக்கறவ இப்படி வேலைக்கு வந்து வாயாடுவாளா? மெஷினைக் கெடுத்துட்டே!"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ரிசப்ஷன் நாற்காலியின் குஷனை மனதுக்குள் தட்டிப் பார்த்துக்கொண்டேன்.

மெஷின் ரிப்பேர்காரர் வந்தார். கழற்றினார், துடைத்தார், மாட்டினார். என் ரத்தம் மறுபடியும் எட்டு. கடைசியில் தன் கையையே நீட்டினார்.

"எடும்மா... ஐயோ, இது கையா ஃப்ரிட்ஜா?"

அவருக்குப் பதினைந்து வந்தது.

"மெஷின் நல்லா இருக்கு மேடம். இந்தப் பொண்ணுதான் ரிப்பேர்."

மேடம் என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளே வெளுத்திருந்தது. "தினமும் என் கண்ணு முன்னாடி நடுங்கிக்கிட்டு நிக்கறே. நானும் ஸ்வெட்டர், ஸ்வெட்டர்னு கிண்டல் பண்ணிட்டு இருந்திருக்கேன் பாரு," என்று முணுமுணுத்தார். அவரே டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார்.

"பீரியட்ஸ் அதிகமா போகுமா?"

"எல்லாருக்கும் அப்படித்தானே டாக்டர்?"

"இல்லம்மா. காலைல என்ன சாப்பிடுவே?"

"டீ."

"மதியம்?"

"சாப்பாடு. கூடவே டீ."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பீரியட்ஸில் போகும் ரத்தமும், சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தைச் சேரவிடாத டீயும் சேர்ந்து, உடம்பில் இரும்புச்சத்தே இல்லையாம்; குளிரும் மூச்சிரைப்பும் அதனால்தானாம். சோம்பேறி என்ற தீர்ப்பு அங்கேயே ரத்தானது. இரும்பு மாத்திரை, ஒழுங்கான சாப்பாடு, இன்னும் சில பரிசோதனைகள்.

"மாத்திரையைத் தவற விட்டே, மெஷின் ரூம் கிடையாது," என்றார் மேடம் திரும்பும் வழியில். அவர் மிரட்டல் அவ்வளவு இனிப்பாக இருந்து நான் கேட்டதில்லை.

சில மாதங்களில் மறுபடியும் மருந்து மாற்றும் நாள் வந்தது. நானாகவே கை நீட்டினேன். கண்ணை மட்டும் மூடிக்கொண்டேன். வீரத்தையெல்லாம் தவணையில்தான் தர முடியும். பன்னிரண்டரை! ஸ்வெட்டர் ஆணியில் தொங்கியது.

மேடம் தோளைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தார். "என்னடி இப்படிக் குளிருது? ஏசியைக் கொஞ்சம் குறை."

"மெஷினுக்கு ஆகாது மேடம்."

ஸ்வெட்டரை எடுத்து நீட்டினேன். முறைத்துக்கொண்டே போட்டுக்கொண்டார். நான் ஒரு புது ஊசியைப் பிரித்தேன்.

"உங்களுக்கும் ஒரு தடவை பார்த்துடலாமா மேடம்? எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

பாத்ரூம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.