ராத்மிலாவைப் பார்க்கப் போன பகல்

காலை ஐந்து மணிக்குப் பேருந்து ஊரைவிட்டுக் கிளம்பியபோதே அலோய்ஸ் வர்சால் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். வயது எழுபத்தெட்டு. இருபத்தாறு ஆண்டுகள் ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குத் தலைமை தாங்கிய முதுகு அது. இருக்கை பின்னால் சாய்ந்து கொடுத்தாலும் அது சாயாது. பக்கத்தில் மனைவி மிலாதா, மடியிலிருந்த கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பைக்குள் சமையலறைத் துணியில் சுற்றிய சிவப்புக் கண்ணாடி விளக்கு ஒன்று இருந்தது. கல்லறையில் ஏற்றி வைக்கிற விளக்கு. பேருந்தில் இருந்த நாற்பது பேரில் அது தெரிந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே.

ஓய்வூதியர் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறை எங்காவது சுற்றிப்பார்க்கக் கூட்டிப்போகும். இந்த ஆண்டு ப்ராக். கோட்டை, பழைய பாலம், சதுக்கத்துக் கடிகாரம், பிறகு வீடு. எல்லாவற்றையும் ஒரே பகலில் முடிக்க வேண்டும் என்று சங்கச் செயலாளர் விளாஸ்தா சொல்லியிருந்தாள். முப்பது வருஷம் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். இப்போதும் தலைகளை எண்ணிவிட்டுத்தான் வண்டியை எடுக்கச் சொல்வாள்.

ஊர் எல்லை தாண்டியதும் பின் இருக்கையிலிருந்து ஹினெக் ஒரு சின்னக் குப்பியை நீட்டினான். பழைய கசாப்புக்காரன். குப்பியில் வீட்டில் காய்ச்சிய பிளம் சாராயம்.

"மருந்து, தலைவரே. ஒரு மடக்கு."

"மணி ஆறுகூட ஆகல."

"அதான் சொல்றேன். அங்க போனா அவனுங்க கொடுக்கிற பீர்ல பாதி நுரைதான். ப்ராக்காரன் நுரையையும் சேத்துதான் அளப்பான். வயித்த இப்பவே தயார் பண்ணிக்கணும்."

"உன் வயிறு பிறக்கும்போதே தயாராத்தான் பிறந்துச்சு" என்றாள் விளாஸ்தா. பேருந்து சிரித்தது. அலோய்ஸ் மரியாதைக்கு உதட்டை நனைத்துவிட்டுக் குப்பியைத் திருப்பிக் கொடுத்தார். மிலாதா சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே அறுவடை முடிந்த சோளக்கொல்லைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வர்சால் வீட்டுக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. அந்த வீட்டிலிருந்து யாரும் கோர்ட்டுக்குப் போனதில்லை, குடித்துவிட்டு வீதியில் விழுந்ததில்லை, சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்கியதில்லை. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டின் ஒரே மகள் ராத்மிலாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அந்தப் பக்கத்து வழக்கப்படி, கல்யாணத்துக்கு முந்தைய வாரம் பெண் வீட்டார் ஊரில் உள்ள எல்லா வீட்டுக்கும் கொலாச் கொடுப்பார்கள். உள்ளங்கையில் அடங்கும் இனிப்பு ரொட்டி, நடுவில் பாலாடைக்கட்டியும் பிளம் பழக்கூழும். ஆறு பெண்கள் மூன்று நாள் உட்கார்ந்து சுட்டார்கள். நூற்று நாற்பது வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்த நாள் விடியற்காலைப் பேருந்தில் ராத்மிலா தனியாக ப்ராகுக்குப் போய்விட்டாள்.

அலோய்ஸ் படையின் சீருடையை மாட்டிக்கொண்டு, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, அதே நூற்று நாற்பது வீட்டு வாசலிலும் போய் நின்றார். "கல்யாணம் நடக்காது. மன்னிக்கணும்." அவ்வளவுதான் சொன்னார். பாதி வீடுகளில் மேசைமேல் கொலாச் தட்டு இன்னும் இருந்தது. சில வீடுகளில் வாயில் மென்றபடியே கதவைத் திறந்தார்கள். கடைசி வீட்டிலிருந்து திரும்பி வந்தவர், இனி இந்த வீட்டில் அந்தப் பெயர் கேட்கக்கூடாது என்றார். கேட்கவில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், நாற்பது வயதில், ராத்மிலா ப்ராகில் புற்றுநோயில் இறந்தாள். அவளோடு வாழ்ந்த மனிதர் தந்தி மாதிரி நாலு வரியில் கடிதம் எழுதினார். அலோய்ஸ் போகவில்லை. மிலாதாவையும் போக விடவில்லை. பிறகு அந்த மனிதர் ஒரு புகைப்படம் அனுப்பினார். கலசக் கூடத்தின் சுவரில் கண்ணாடிக் கதவு போட்ட சின்ன மாடம், உள்ளே சாம்பல் கலசம், கண்ணாடியில் பெயர். பின்பக்கம் வரிசை எண்ணும் மாட எண்ணும். மிலாதா அதை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். அவள் வைத்திருந்தது அவருக்குத் தெரியும். தெரியாதது போல இருந்தார்.

இந்த வசந்தத்தில் விளாஸ்தா பயணத்துக்குப் பெயர் எழுத வந்தபோது, ஐம்பத்து மூன்று வருஷத் தாம்பத்தியத்தில் எதையும் வாய்விட்டுக் கேட்காத மிலாதா பேனாவை வாங்கித் தன் பெயரைத் தானே எழுதினாள். விளாஸ்தா போனபின் சொன்னாள்: "நான் போறேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி. ஒரு தடவ அவ பேருக்கு முன்னாடி நின்னு விளக்கேத்திட்டு வந்துடறேன்."

அவர் வந்தார். ஒரே நிபந்தனை, ஊருக்குத் தெரியக்கூடாது. கோட்டையில் கூட்டத்தை விட்டுப் பிரிவது, எந்த டிராம், எத்தனை நிறுத்தம், மூன்று மணிக்குக் கடிகாரத்தின் முன்னால் வந்து சேர்வது என்று எல்லாவற்றையும் தீயணைப்புப் பயிற்சி மாதிரி காகிதத்தில் வரைந்து வைத்திருந்தார். யாராவது கேட்டால், செருப்பு வாங்கப் போனோம்.

அதன்படியே நடந்தது. கோட்டைத் தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிகளை எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது இருவரும் பின்வாசல் வழியாக நழுவினார்கள். டிராமில் மிலாதா பையைத் திறந்து விளக்கு உடையாமல் இருக்கிறதா என்று பார்த்தாள். ஏழு நிறுத்தத்துக்குள் நாலு தடவை பார்த்தாள். முகத்தில் ஒரு வெட்கம் இருந்தது, பெண் பார்க்க வருகிறவர்களுக்காகக் காத்திருப்பவள் போல.

அலோய்ஸ் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தபால்காரி கொண்டுவந்த, ஓரத்தில் பட்டை போட்ட உறை. அரசாங்க உறை. ப்ராக் முத்திரை. அவருடைய அப்பாவிடமிருந்து நிலத்தைப் பிடுங்கிக்கொண்ட உத்தரவும் அப்படி ஓர் உறையில்தான் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினதுதான் தப்பு என்று அப்பா சாகும்வரை சொன்னார். உறையின் மேல் மகளுடைய பெயரும் இருந்தது. அவளோடு வாழ்ந்த அந்த ஆள் விட்டுப்போன ஏதாவது வில்லங்கமாக இருக்கும், வர்சால் வீட்டின்மேல் கொண்டுவந்து போடப் பார்க்கிறார்கள் என்று நினைத்தார். "வாங்க மாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாலு மாதம் கழித்து இன்னொன்று. அதற்கும் அப்படியே. மிலாதாவிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை என்று இன்று காலைவரை நினைத்திருந்தார்.

கலசக் கூடம் நீளமாக, சுத்தமாக இருந்தது. பதினான்காம் வரிசை. முந்நூற்று ஆறாம் மாடம். மிலாதா புகைப்படத்தைக் கையில் பிடித்தபடி போய் நின்றாள்.

கண்ணாடிக்குப் பின்னால் வேறு ஒரு கலசம் இருந்தது. ஒரு ஆணின் பெயர். பக்கத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடியும், குட்டி ரயில் எஞ்சின் பொம்மை ஒன்றும்.

"வரிசை மாறி வந்துட்டோம்" என்றாள்.

மாறவில்லை. அவள் திரும்பப் போய் முதல் மாடத்திலிருந்து தொடங்கினாள். கைக்குட்டையால் ஒவ்வொரு கண்ணாடியையும் துடைத்து ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள் படித்துக்கொண்டே வந்தாள். அடுத்த வரிசை. அதற்கு அடுத்தது. அவர் பின்னால் நடந்தார். "அலுவலகத்துல கேக்கலாம் வா" என்று ஒருமுறை சொன்னார். அவள் இன்னும் இரண்டு வரிசை படித்துவிட்டுத்தான் வந்தாள்.

அலுவலகத்தில் ஒரு நடுவயதுப் பெண் இருந்தாள். எண்ணைக் கேட்டாள், கணினியில் தட்டினாள், திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"அம்மா" என்றாள் மிலாதா.

அந்தப் பெண் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "மாடம் பத்து வருஷத்துக்குத்தாம்மா கொடுக்கிறது. அப்புறம் யாராவது புதுப்பிக்கணும். மாடத்த எடுத்தவர் இறந்துட்டார். அதனால நெருங்கின சொந்தத்துக்கு எழுதினோம். பதிவுத் தபால்ல, ரெண்டு தடவ. ரெண்டும் திரும்பி வந்துருச்சு."

"எங்க வீட்டுக்கு ஒண்ணும் வரலியே."

"வந்திருக்கும்மா. வாங்க மறுத்திருக்காங்க. மறுத்தாலும் கிடைச்சதாத்தான் சட்டம் எடுத்துக்கும்."

"யாரு மறுத்தது?"

அந்தப் பெண் அலோய்ஸைப் பார்த்தாள். பிறகு ஒரு கோப்பிலிருந்து இரண்டு உறைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிரிக்காத உறைகள். பட்டைக்குக் கீழே கையெழுத்து. முதல் எழுத்தின் வால் நீண்டு மற்ற எழுத்துகளையெல்லாம் அடிக்கோடு போட்டுத் தாங்கும். ஊரில் தீயணைப்புப் பயிற்சி முடித்த ஒவ்வொருவர் வீட்டுச் சுவரிலும் சட்டம் போட்டுத் தொங்கும் கையெழுத்து. மிலாதா அதன்மேல் விரலை வைத்தாள். எடுத்தாள்.

"அவ எங்க இப்போ?"

"ஒரு வருஷம் கண்ணாடில அறிவிப்பு ஒட்டி வச்சிருந்தோம்மா. யாரும் வரல. இந்த ஏப்ரல்ல சாம்பலப் பொதுப் புல்வெளில தூவிட்டாங்க. கட்டடத்துக்குப் பின்னாடி."

"புல்வெளில எந்தப் பக்கம்?"

"பக்கம்னு இல்லம்மா. எல்லாரும் ஒண்ணாத்தான்."

இது செப்டம்பர். ஏப்ரலில் மிலாதா பேனா வாங்கிப் பெயர் எழுதிவிட்டிருந்தாள்.

புல்வெளி ஒரு பள்ளி மைதானம் அளவுக்கு இருந்தது. உள்ளே மிதிக்கக்கூடாது என்று பலகை. ஓரத்துக் கல் பாதையில் யார் யாரோ வைத்த விளக்குகளும் வாடிய பூங்கொத்துகளும் வரிசையாக இருந்தன. மிலாதா குனிந்து விளக்கை வைத்தாள். காற்றில் தீக்குச்சி அணைந்தது. இன்னொன்று. அதுவும். அலோய்ஸ் பக்கத்தில் குனிந்து, கைகளைக் குவித்துக் காற்றை மறைக்கப் போனார். அவள் தோளைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் ஏத்திக்கிறேன்."

ஆறாவது குச்சியில் ஏற்றினாள். பிறகு உள்ளங்கையைப் புல்மேல் வைத்து அப்படியே இருந்தாள்.

"அந்த ஆளோட ஏதோ வில்லங்கம்னு நினைச்சேன்" என்றார் அவர். "வீட்டு மேல வந்துடக்கூடாதுன்னு…"

"பிரிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"மிலாதா, நம்ம வீட்டு மானம்…"

"அத நீங்களே வச்சுக்குங்க." குரல் உயரவே இல்லை. "எனக்கு ஒரு மாடம் இருந்துச்சு. ரெண்டு சாண் அகலம். அவ்வளவுதான் இருந்துச்சு."

அவருக்கு அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் போல இருந்தது. இப்போது சொன்னால் அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று பட்டது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ரெண்டரை" என்றார். அதைத்தான் அவரால் சொல்ல முடிந்தது.

சதுக்கத்துக்கு வரும்போது மணி நாலு ஆகப்போகிற நேரம். ஊர்க்காரர்கள் கடிகாரத்தின் கீழே அவர்களுக்காகக் காத்து நின்றார்கள். விளாஸ்தா தலைகளை எண்ணி, நாற்பது ஆனதும் பெருமூச்சு விட்டாள்.

"என்ன தலைவரே, செருப்புக் கடையவே வாங்கிட்டீங்களா?" என்றான் ஹினெக். "கையில பெட்டி ஒண்ணும் காணோம். ப்ராக்காரன் அளவுக்கு அடங்காம நம்ம காலு பெருசா போச்சோ?"

"அளவு சரியா…" என்று தொடங்கினார் அலோய்ஸ்.

"செருப்புக் கடைக்குப் போகல ஹினெக்" என்றாள் மிலாதா. "ராத்மிலாவப் பார்க்கப் போனோம். அவள எடுத்துத் தூவிட்டாங்க. ஆபீஸ்ல இருந்து கடிதம் வந்திருக்கு, இவர் திருப்பி அனுப்பிட்டாரு."

மணி அடித்தது. மேலே சின்னக் கதவுகள் திறந்து பொம்மைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின. சதுக்கம் முழுக்க அண்ணாந்து கைபேசிகளைத் தூக்கியது. ஊர்க்காரர்கள் முப்பத்தெட்டுப் பேரில் ஒருவரும் மேலே பார்க்கவில்லை. ஹினெக் தொப்பியைக் கழற்றினான். அலோய்ஸ் கைகளை விறைப்பாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். நூற்று நாற்பது வாசலிலும் அப்படித்தான் நின்றார். அன்று குற்றம் அவருடையதாக இல்லை.

திரும்பும்போது மிலாதா தன் இருக்கையைத் தாண்டிப் போய் விளாஸ்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். விளாஸ்தாவின் இருக்கை அலோய்ஸுக்கு மூன்று வரிசை பின்னால். ஹினெக் யாரும் சொல்லாமலே எழுந்து வந்து அலோய்ஸ் பக்கத்தில் உட்கார்ந்தான்.

நகரம் முடிவதற்குள் மிலாதா பேசத் தொடங்கியிருந்தாள். அவள் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை.

"வியாழக்கிழமை இவர் பயிற்சிக்குப் போனதும் போன் அடிக்கும். ரெண்டு தடவ அடிச்சு நின்னா அவதான்னு அர்த்தம். அப்புறம் நான் கூப்பிடுவேன். நாடகக் கொட்டாய்ல துணி தைக்கிற வேலை. ராணி வேஷத்துக்கெல்லாம் அவதான் தைப்பாளாம்."

"நீ சொல்லவே இல்லையே" என்றாள் விளாஸ்தா.

"யார்கிட்ட சொல்ல? நோய்னு தெரிஞ்சப்ப, வீட்டுக்கு வரட்டுமாம்மான்னு கேட்டா. அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்னேன்." கைப்பையின் கொக்கி திறந்து மூடும் சத்தம் கேட்டது. "கேக்கவே இல்ல. பயம். அடுத்த வியாழன் போன் ரெண்டு தடவ அடிச்சு நின்னப்ப நான் திருப்பிக் கூப்பிடல."

ஹினெக் தொண்டையைச் செருமினான். "தலைவரே, வழியில எங்கயாவது நிறுத்தச் சொல்லவா? சூடா ஒரு சூப்…"

"பேசாம இரு ஹினெக். கேக்க விடு."

"கல்யாணத்துக்கு முன்னாடி ஏன் அப்படிப் போனா?" என்று விளாஸ்தா கேட்டாள். "ஊருல என்னென்னமோ சொன்னாங்க."

இருபத்தேழு வருஷத்தில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. போனாள் என்பதே போதுமாக இருந்தது. மிலாதா பதில் சொன்னாள். ஆனால் பேருந்து நெடுஞ்சாலையில் ஏறி வேகமெடுத்துவிட்டது, எஞ்சின் இரைச்சலில் வார்த்தைகள் வந்து சேரவில்லை. விளாஸ்தா "அட ஆண்டவரே" என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

அலோய்ஸ் எழுந்தார். இருக்கை முதுகுகளைப் பிடித்துக்கொண்டு, ஆடும் பேருந்தில் ஒவ்வொரு வரிசையாகப் பின்னால் நடந்தார். அவர் வருவதைப் பார்த்ததும் மிலாதா பேச்சை நிறுத்தினாள்.

அவர் அங்கேயே நின்றார். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தது. எந்த முகத்தோடு கேட்பது என்று தெரியவில்லை. சுற்றிலும் எல்லோரும் தங்கள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போய் உக்காருங்க" என்றாள் அவள். கோபமில்லாமல், அண்டை வீட்டுப் பெரியவரிடம் சொல்வது போலச் சொன்னாள். "விழுந்துடப் போறீங்க."

அவர் திரும்பிப் போய் உட்கார்ந்தார். முதுகு இருக்கையில் படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அவர் உட்கார்ந்துவிட்டார் என்று உறுதியானபின், பின்னால் அந்தக் குரல் மறுபடி தொடங்கியது. முன்னைவிடத் தாழ்ந்த குரலில்.