சாமியம்மாள் சொன்னதாக

இடது கையால் மனைவி சாமியம்மாளின் முதுகைத் தாங்கிப் பிடித்தபடி, வலது கையால் தலையணையை ஜன்னல் பக்கமாக நகர்த்தினான் செல்லன். இது மூன்றாவது தடவை. படுத்த இடத்திலிருந்தே மலைமேடு முழுசாகத் தெரிய வேண்டும் அவளுக்கு.

"பனி எறங்கியிருக்குதா?" என்று கேட்டாள்.

"நல்லா எறங்கியிருக்குது. புல்லெல்லாம் நனைஞ்சி கெடக்குது."

"நனைஞ்சி கெடந்தா எப்படி எரியும்? லேசா ஈரம் இருக்கணும். தொட்டுப் பாத்தியா, இல்ல வாசல்ல நின்னு பாத்தியா?"

வாசலில் நின்றுதான் பார்த்திருந்தான். அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்கி, மறுபடியும் சிரிப்பாக வந்து நின்றது.

பத்து நாளைக்கு முன்னால் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில், இருதயம் ரொம்பப் பலவீனமாகிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பிடித்ததைச் செய்துகொடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அவளுக்குப் பிடித்தது இந்த வருஷத்துத் தீக்கோடு எரிப்பதைப் பார்ப்பது. தாழ்வாடி ஊருக்குக் காட்டின்மேல் உரிமை கிடைத்த நாளிலிருந்து பதினொரு வருஷமாகக் காட்டுக் குழுவுக்குத் தலைவி அவள்தான். வெயில் ஏறுவதற்கு முன்னால், மாசி மாதத்தில், மலைமேட்டின் நெடுகப் பன்னிரண்டடி அகலத்துக்குப் புல்லை அறுத்துக் காயப்போட்டு, பனி காயாத காலையில் தாங்களே எரித்துவிடுவார்கள். பங்குனியில் கீழேயிருந்து காட்டுத்தீ ஏறி வந்தால், எரிய ஒன்றுமில்லாத அந்தக் கோட்டில் வந்து நின்றுவிடும். கோட்டின் ஓரமாகவே சுனைக்கும் இடுகாட்டுக்கும் போகிற தடம். அதில் உண்ணிச்செடி வெட்டுவது, மழை அரித்த இடத்தில் கல் அடுக்குவது எல்லாம் அதே குழுவின் வேலை.

மகள் தமிழ்ப்ரியா உளுந்தூர்பேட்டையில் டீச்சர். அம்மாவுக்குத் துணையாக லீவு போட்டு வந்தவளை, விடிந்ததும் அம்மாவே மேலே விரட்டிவிட்டாள். என்னைப் பார்த்துக்கொள்ள உங்கப்பன் போதும், அங்கே என் இடத்தில் நிற்கத்தான் ஆள் வேண்டும் என்று சொல்லி, மகளின் கன்னத்தைக் கிள்ளி அனுப்பினாள்.

ஏழு மணிக்கு மேட்டின் உச்சியில் முதல் புகை எழுந்தது.

"நேரா போவுது பாரு," என்றாள் சாமியம்மாள்.

செல்லன் பார்த்தான். நட்டுவைத்த கழி மாதிரி வெள்ளையாக நேரே போனது புகை. அதைச் சொல்லலாம் என்று திரும்பினான். அவள் கண்கள் ஜன்னலின் மேல்தான் இருந்தன. உதட்டில் சிரிப்பும் இருந்தது. மூச்சு மட்டும் இல்லை. இரண்டு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டான். மூக்கினருகே விரலை வைத்துப் பார்த்தான். பிறகு கண்களை மூடிவிட்டு, கொஞ்ச நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வெளியே போய்க் குரல் கொடுக்க வேண்டும். அதுதான் ஊர் வழக்கம். சாவு விழுந்தால் அடுப்பைத் தவிர ஊரில் எந்த வேலையும் நடக்கக் கூடாது. எழுந்து வாசல்படி வரைக்கும் போனான்.

போன வருஷம் இதே மாதிரி எரிப்பு நாளில்தான் ஊர்க்காரர் கண்ணாயிரத்தின் அண்ணன் இறந்துபோனார். சேதி கேட்டதும் எல்லோரும் தீயடிக்கிற தழையைப் போட்டுவிட்டு இறங்கி வந்தார்கள். முதலில் ஓடி வந்தவள் சாமியம்மாள். கோடு பாதியில் நின்றது. வனத்துறை அனுமதித்த நாளும் போனது, காற்றும் ஏறிவிட்டது. மூன்றாவது வாரம் கீழ்ச்சரிவிலிருந்து வந்த தீ அந்தப் பாதி வழியாக நுழைந்து, பெண்கள் காய் பொறுக்குகிற கடுக்காய் மரங்களில் இருநூறை எடுத்துக்கொண்டு போனது. கருகின ஒவ்வொரு மரத்தையும் அவள் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்ததை செல்லன் பின்னால் நின்று பார்த்திருக்கிறான்.

படியிலிருந்து திரும்பி உள்ளே வந்தான். போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டு, கதவை ஒருக்களித்து வைத்தான்.

அந்த வீட்டில் பலாமரத்தடியில் மட்டும்தான் போனுக்கு டவர் கிடைக்கும். அங்கே கல்லின் மேல் வைத்திருந்த போன் அடித்தது. தமிழ்ப்ரியா.

"அப்பா, பள்ளத்துப் பக்கம் புல்லு ஜாஸ்தியா கெடக்குது. மேலேர்ந்து பத்த வெக்கறதா, கீழேர்ந்தானு அம்மாவ கேளு."

இரு, கேட்டுக்கினு வர்றேன் என்று சொல்லிவிட்டு நிஜமாகவே உள்ளே போய்விட்டான். கட்டிலருகே வந்த பிறகுதான் நினைவு வந்தது. நின்றான். முப்பத்தெட்டு வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் அவள் சொல்ல, தூங்கிக்கொண்டே கேட்டதெல்லாம் எங்கேயோ உள்ளே கிடந்தது. திரும்பி வந்து போனை எடுத்தான்.

"மேலேர்ந்துதான். நெருப்ப கீழ எறங்க வுட்டா மாடு மாதிரி மெதுவா வரும், மேல ஏற வுட்டா குதிர மாதிரி ஓடும்னு சொல்றா."

மகள் சிரித்துக்கொண்டே அதை அங்கே உரக்கச் சொல்வது கேட்டது. நாற்பது பேரும் சிரித்தார்கள். அவர்களோடு நின்றிருந்த வனவர் அரங்கநாதனின் சிரிப்பும் சேர்ந்து கேட்டது.

அப்புறமும் நான்கு தடவை போன் வந்தது. தண்ணி தெளிக்கிறவர்கள் எங்கே நிற்பது, பட்டுப்போன மரத்தைச் சுற்றிச் செதுக்கியது போதுமா. ஒவ்வொரு தடவையும் உள்ளே போய், அவள் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொன்னான். அவள் இருக்கும்போது அவன் பேச்சுக்கு இடம் விட்டதே இல்லை. இன்றைக்கு அவன் வாயில் அவள் பேச்சே வந்துகொண்டிருந்தது. அழுகை ஒவ்வொரு கேள்வியிலும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

எட்டரைக்கு வந்த கேள்விக்குத்தான் பதில் தெரியவில்லை. மூங்கில் புதர் கிட்டே காற்று திரும்புகிறது, வனவர் பத்து மணிக்குள் முடிக்கச் சொல்கிறார், வேகமாக எரித்துவிடலாமா என்று கேட்டாள் மகள். செல்லன் பலாமரத்தின் வேரில் ஏறி நின்று பார்த்தான். புகை படுத்துக்கொண்டு மேற்கே சாய்ந்தது. சாமியம்மாள் இப்படி ஒரு நேரத்தில் என்ன செய்வாள் என்று அவனுக்கு நினைவில்லை. மூங்கிலில் தீ பிடித்தால் நிற்காது என்பது மட்டும் தெரியும். இந்தத் தடவை அவன் உள்ளே போகவில்லை.

"நிறுத்துங்க," என்றான். "எரியறத அடிச்சி அணைச்சிட்டு, மூங்கில சுத்தித் தண்ணி அடிச்சிட்டு, தடத்துல உக்காருங்க. காத்து பழையபடி வர்ற வரைக்கும் யாரும் தீக்குச்சி எடுக்கக் கூடாது. அப்படி இன்னா அவசரம், யாருக்கு முகூர்த்தம் தப்பிப்போவுதுனு உங்கம்மா கேக்கறா."

மேட்டில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். செல்லன் மட்டும் வேரின் மேல் நின்றுகொண்டே இருந்தான். அரை மணி நேரம் கழித்துப் புகை மெல்ல நிமிர்ந்தது. அவன் சொல்லாமலே அவர்கள் எழுந்தார்கள். பத்துக்குக் கொஞ்சம் முன்னால், மேட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கறுப்பாக ஒரே கோடு விழுந்திருந்தது. மூங்கில் பச்சையாக நின்றது.

பாட்டும் கூச்சலுமாக அவர்கள் இறங்கி வந்தார்கள். முகமெல்லாம் கரி, பல் மட்டும் வெள்ளை. நேராக சாமியம்மாளிடம் காட்டத்தான் வந்தார்கள். செல்லன் வாசலில் எழுந்து நின்றான். கதவைத் திறந்துவிட்டான்.

தமிழ்ப்ரியா உள்ளே போனாள். பின்னாலேயே பெண்கள் போனார்கள். அழுகை கிளம்பியது. அம்மாவின் கன்னத்தில் முகம் வைத்து அழுதவள், வெகுநேரம் கழித்து, உடம்பு இவ்வளவு குளிர்ந்திருக்கிறதே என்று நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் கன்னத்தில் அவள் முகத்துக் கரி ஒட்டியிருந்தது. வெளியே வந்தாள்.

"எப்பப்பா?"

"ஏழு மணிக்கு. மொதப் பொகய பாத்துக்கினே போயிட்டா."

தமிழ்ப்ரியா அவனை வெறித்துப் பார்த்தாள்.

"அப்போ எட்டரைக்கு எங்கள திட்டினது யாரு?"

செல்லன் தலையைக் குனிந்துகொண்டான். "நான்தான்," என்றான்.

தமிழ்ப்ரியாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். அவள் சிரித்தாள். கரியில் கண்ணீர் கோடு கிழித்துக்கொண்டு ஓட, அப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அங்கே ஒருத்தி வாயில் முந்தானையை அழுத்தினாள், முடியவில்லை. ஊமைச் செல்லன் முகூர்த்தம் கேட்டானாம் என்று யாரோ சொல்ல, சாவு வீட்டு வாசல் முழுக்கச் சிரித்தது. அரங்கநாதன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் நின்றார்.

கண்ணாயிரம் மட்டும் சிரிக்கவில்லை. வழக்கம் தப்பினால் முதலில் சண்டைக்கு வருகிறவர் அவர். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் செல்லன் கிட்டே வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் முகத்தைத் துடைத்தார்.

"மூணு மணி நேரம் ஒத்த ஆளா வெச்சிக்கினு இருந்தியா?" என்றார். அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். அப்போதுதான் செல்லனுக்கு அழுகை வந்தது.

பிற்பகலில் தூக்கினார்கள். குளித்துவிட்டு வரட்டுமா என்று பெண்கள் கேட்டதற்கு, அப்படியே வரட்டும் என்றான் செல்லன். மேளம் முன்னால் போக, கரி முகத்தோடு ஆடிக்கொண்டே போனார்கள். முன்பெல்லாம் அந்தத் தடத்தில் பாடையைக் கழியில் கட்டித் தொங்கவிட்டு, ஒருவர் பின் ஒருவராகத்தான் தூக்கிப் போக முடியும். இன்றைக்கு நான்கு பேர் நான்கு மூலையில் தோள் கொடுத்தார்கள். ஓர் இடத்திலும் முள் இழுக்கவில்லை, கல் தடுக்கவில்லை. சுனைக்கு மேலே அடக்கம் செய்தார்கள். ஆளுக்கு மூன்று பிடி மண். செல்லன் நான்காவதாகவும் ஒரு பிடி போட்டான்.

திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. தமிழ்ப்ரியா அப்பாவின் கையைப் பிடித்து நடந்தாள். வளைவில் முன்னால் போன கண்ணாயிரம் கையை உயர்த்தினார். எல்லோரும் நின்றார்கள்.

ஆறிய சாம்பலில் ஒரு காட்டுக்கோழி ஆறேழு குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. காலால் கிளறி, பொரிந்த புல்விதைகளைக் கொத்தி, குஞ்சுகளுக்குப் போட்டது. அவசரமே இல்லாமல் தடத்துக்கு வந்து, நடுவில் நின்று, ஆட்களைப் பார்த்தது. கடைசிக் குஞ்சு கடந்து முடிகிற வரைக்கும் நாற்பது பேரும் அப்படியே நின்றார்கள்.