அறுபது பொன் நாரைகள்

திங்கட்கிழமை காலை ஞானாம்பிகை மேலங்கியைக் கழற்றி மாட்டுவதற்கு முன்பே ஜிரூ அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உட்காருங்கள், மதாம்," என்றார்.

அவரிடம் வேலைக்குச் சேர்ந்து நாலு வருடமாகிறது. ஒருநாளும் அவர் அவளை உட்காரச் சொன்னதில்லை. அவள் கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

ஜிரூ கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். பழைய போக்கர் சிப்புகளை, சீட்டாட்டத்தில் காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லைகளை, சேகரிப்பவர்கள் கூடிக் கதைக்கும் இணையத்தளம் அது. மேலே தடித்த எழுத்தில் ‘மொன்றியலிலிருந்து அறுபது போலிகள்’ என்று இருந்தது. கீழே அவள் ஒப்பமிட்ட சான்றிதழின் படம். கையெழுத்தை மட்டும் தனியாகப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். ‘யார் இந்த ஜி. அருமைநாதன்?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். பதினொரு பேர் பதில் எழுதியிருந்தார்கள். ‘அந்தப் பண்டசாலையில் தூசி தட்டுகிற ஆளாக இருக்கும்’ என்றது அதில் ஒன்று.

தூசி தட்டுவதும் அவள் வேலைதான். புவாண்ட்-கிளேரில் இருந்த அந்தப் பண்டசாலைக்கு இறந்துபோனவர்களின் வீட்டுச் சாமான்கள் வரும். துடைத்து, படமெடுத்து, இன்னது என்று எழுதி, இணையத்தில் ஏலத்துக்கு விடுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் தொலைக்காட்சியில் போக்கர் ஆட்டம் காட்டத் தொடங்கியதிலிருந்து பழைய சூதாட்ட வீடுகளின் சிப்புகளுக்கு ஆட்கள் அலைந்தார்கள். ஜிரூ அந்த வேலையை அவளிடம் தந்தார். "சிப்ஸுக்கு என்னத்துக்கு சேர்ட்டிபிக்கற்? கிழங்குப் பொரியல்தானே," என்று அவள் கணவன் அருமைநாதன் அன்று பகிடி விட்டான்.

ஆனால் அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. திருகோணமலையில் எட்டு வருடம் மலேரியாத் தடுப்பு நிலையத்தில் நுண்ணோக்கியின் முன் இருந்தவள் அவள். ஒரு துளி இரத்தத்தில் நூறு இடம் பார்த்த பிறகுதான் ‘கிருமி இல்லை’ என்று எழுதவேண்டும். தொண்ணூற்றொன்பது இடம் பார்த்துவிட்டு எழுதினால் அது வேலையில்லை. கனடாவில் அந்தக் கண்ணை யாரும் கேட்கவில்லை. ஜிரூதான் கேட்டார்.

இந்த அறுபது சிப்பும் லெயோபோல்ட் என்ற, ஓய்வுபெற்ற பஸ் சாரதியிடமிருந்து வந்தவை. நாற்பதுகளில் இந்த நகரத்தில் ‘நீல நாரை’ என்று ஒரு களவுச் சூதாட்ட வீடு நடந்தது. அவருடைய தகப்பன் அங்கே மேசையில் சீட்டுப் பகிர்ந்தவர். போலீஸ் வீட்டைப் பூட்டியபோது சிப்புகளை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாராம். களிமண் கலவையில் செய்த கபில நிற வில்லைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒற்றைக் காலில் நிற்கும் நாரை, பொன்தாள் வைத்துச் சூட்டில் அழுத்திய முத்திரை. ஹமில்டனில் இருக்கும் டிக்சன் என்பவர் மொத்தத்தையும் ஏலத்தில் எடுத்திருந்தார்; தளத்தில் போலி என்று எழுதியவரும் அவர்தான்.

"மண் பழையதுதானாம். ஆனால் நாரை முத்திரையைப் பிறகு யாரோ அடித்திருக்கிறார்களாம்," என்றார் ஜிரூ. "இந்தச் சனிக்கிழமை டோர்வாலில் சேகரிப்பாளர்கள் கூட்டம் இருக்கிறது. அதில் அறுபதையும் எல்லாருக்கும் முன் வைக்கப்போகிறாராம். நீங்கள் இன்றைக்கே பதில் எழுதவேண்டும். அறுபதும் உண்மை என்று எழுதுங்கள். இல்லையென்றால் எனக்கு இதில் அறிவு போதாது என்று எழுதுங்கள். இரண்டில் ஒன்று."

"நான் திரும்ப ஒருதரம் பார்க்கவேண்டும்."

"முதலே பார்த்தீர்கள்தானே?"

அவள் திரையில் இருந்த தன் கையெழுத்தையே பார்த்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்து ஜிரூ சனிக்கிழமை வரைக்கும் தவணை தந்தார்.

அவள் பார்த்தது பன்னிரண்டைத்தான். சான்றிதழ் எழுதிய அன்று ஏலப் பட்டியல் மத்தியானம் போகவேண்டும் என்று ஜிரூ கதவில் வந்து வந்து நின்றார். பன்னிரண்டும் சுத்தமாக இருந்தன. மிச்சமும் அப்படித்தானே இருக்கும் என்று நினைத்து ஒப்பமிட்டாள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பார்க்காமல் விட்ட நாற்பத்தெட்டின் எண்ணம் அவளை விடவேயில்லை. இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப்போய், வீடிருந்த பார்க் எக்ஸ்டென்ஷனுக்குத் திரும்பி நடந்தாள். அருமைநாதன் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையில் விடிய வேலை தொடங்குகிறவன். பின்னேரம் வீட்டில் இருந்தான். தேத்தண்ணீரை அவள் முன் வைத்துவிட்டு முழுவதையும் கேட்டான்.

"பன்ரண்டைத்தான் பாத்தனீரோ?"

"ஓம்."

"அப்ப மிச்சத்தை ஆர் பாத்தது?"

"ஒருத்தரும் பாக்கேல்லை."

அவன் சீனிப் போத்தலை அவள் பக்கம் தள்ளினான். "சிலவேளை எல்லாம் சரியா இருக்கும்," என்றான் பிறகு. அவனுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பது குரலில் தெரிந்தது.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவள் மதிய இடைவேளையில் அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தாள். பதினொரு பதில் முப்பதானது. யாரோ பண்டசாலையின் தொலைபேசி எண்ணைப் போட்டிருந்தார்கள். மேசையில் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அவள் கை ஒருகணம் நின்றது. பார்க்காமல் இருந்தால் இன்னும் மோசமாக எழுதிவிடுவார்கள் என்று தோன்றியது. பார்த்தால் சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை டிக்சன் நாலு பெரிய படங்களைப் போட்டார். அவள் கதிரையை இழுத்து முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனாள். முதல் படத்தில் சிப்பின் குறுக்கே ஒரு கீறல் ஓடி, நாரையின் கழுத்தைப் பொன்னோடு சேர்த்து வெட்டிக்கொண்டு போனது. முத்திரை முதல், கீறல் பிறகு. நல்லது. மூன்றாவது படத்தில் கீறல் நாரையின் சிறகு வரை வந்து பொன்னுக்கு அடியில் புகுந்து மற்றப் பக்கத்தால் வெளியே வந்திருந்தது. சிறகில் பொன் குலையவில்லை. அந்தச் சிப் கீறுப்பட்டுத் தேய்ந்த பிறகுதான் அதில் நாரை அடித்திருக்கிறார்கள்.

டிக்சன் சொன்னது சரி. ஆனால் முழுவதும் சரியில்லை. அறுபதையும் கையில் எடுத்துப் பார்க்காமல் எது எத்தனை என்று யாராலும் சொல்லமுடியாது.

அவள் டிக்சனுக்கு இரண்டே வரி எழுதினாள்: சனிக்கிழமை நான் வருகிறேன், பெட்டியை எனக்குத் திறந்து தாருங்கள். ஜிரூவுக்குச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு வேர்டனில் இருந்த லெயோபோல்டின் வீட்டுக்குப் போனாள்.

அறுபத்தெட்டு வயது மனிதர், சமையலறையில் தனியாக இருந்து பத்திரிகையில் குறுக்கெழுத்து நிரப்பிக்கொண்டிருந்தார். அவளுக்குக் கோப்பி ஊற்றினார். அவள் வகுப்பில் படித்த பிரெஞ்சில், ஒவ்வொரு சொல்லாக, கீறலைப் பற்றிச் சொன்னாள்.

"அதுவா," என்றார் அவர், கொஞ்சமும் திடுக்கிடாமல். "நீல நாரையின் பின்னறையில் முத்திரை இல்லாத வெறும் சிப்பில்தான் ஆடுவார்கள். அப்பா அதிலும் கொஞ்சம் கொண்டுவந்தார். முத்திரை இரும்பையும் கொண்டுவந்தார். எனக்குப் பதினொரு வயது. நத்தார்ப் பண்டிகைக்கு முதல்நாள் இந்த மேசையில் வைத்து நாங்கள் இரண்டு பேரும் நாரை அடித்தோம். வீட்டில் ஆட இன்னும் கொஞ்சம் தேவைப்பட்டது."

"அதை ஏன் எனக்குச் சொல்லவில்லை, மிஸ்யூ?"

"நீங்கள் கேட்கவில்லையே. அதே மண், அதே இரும்பு. அடித்தது அப்பாவின் கை. இதில் எது போலி?"

அவள் சான்றிதழின் பிரதியை எடுத்து, ‘நீல நாரையில் பாவிக்கப்பட்டவை’ என்ற வரியைக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். இரண்டாவது தரமும் வாசித்தார். காதிலிருந்து கழுத்து வரை சிவந்துபோனார்.

"என்னுடைய அப்பாவைக் கள்ளன் என்று சொல்லப்போகிறீர்களா?"

"இல்லை. நாளைக்கு டோர்வால் கூட்டத்துக்கு நீங்களும் வந்தால், நீங்களே சொல்லலாம்."

அவர் எழுந்து கோப்பைகளைக் கழுவத் தொடங்கினார். அவள் கோப்பையில் பாதி அப்படியே இருந்தது. அவள் வெளியே வந்தபோது அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை அருமைநாதன் சந்தைக்குப் போகாமல் அவளோடு டோர்வாலுக்கு வந்தான். விமானநிலையத்துக்குக் கிட்ட இருந்த ஒரு விடுதியின் மண்டபம். நாற்பது பேர் வரை இருந்தார்கள். பெண்கள் மூன்று பேர். டிக்சன் உயரமான, மெதுவாகப் பேசுகிற மனிதர். சண்டை பிடிப்பார் என்று நினைத்து வந்தவளுக்கு அவர் கதிரையை இழுத்துவிட்டார். அது அவளுக்கு இன்னும் பயத்தைத் தந்தது.

அவள் யன்னலோரத்து மேசையைக் கேட்டாள். வெள்ளைத் துணியை விரித்து, மேசைவிளக்கைச் சரித்து வைத்து, நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் பூதக்கண்ணாடியை எடுத்தாள். இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டாள். முதல் சிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இடப்பக்கம் வைத்தாள். இரண்டாவதும் இடம். மூன்றாவது வலம்.

"இதற்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்று பின்னால் ஒருவர் கேட்டார்.

"அறுபதும் முடியும்வரை," என்றாள் அவள், கண்ணை எடுக்காமல்.

ஒரு மணித்தியாலத்தில் சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் கலைந்துபோனார்கள். டிக்சன் நகரவில்லை. இருபத்தேழாவது சிப்பில் கீறல் ஒன்றுகூட நாரையைத் தொடவில்லை. அவள் அதை ஐந்து நிமிடம் பார்த்தாள். எந்தப் பக்கமும் வைக்க முடியாமல் நடுவில் வைத்தாள்.

நாற்பதைத் தாண்டியபோது மண்டபக் கதவு திறந்தது. லெயோபோல்ட் பழைய சாரதிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. பையிலிருந்து மரப்பிடி போட்ட இரும்பை எடுத்து மேசையில் வைத்தார். அதன் முனையில் நாரை இடவலம் மாறி நின்றது.

"இதுதான் அந்த இரும்பு," என்றார். ஆங்கிலம் அவருக்குச் சரளமில்லை; நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "வீட்டில் அடித்தது நானும் அப்பாவும். நாற்பத்தெட்டில். விற்க அடிக்கவில்லை. ஆட அடித்தோம். விற்கும்போது நான் பிரித்துச் சொல்லியிருக்கவேண்டும்."

டிக்சன் இரும்பை எடுத்துப் பார்த்தார்.

இரண்டு மணிக்கு அவள் கண்ணாடியைக் கீழே வைத்தாள். இடப்பக்கம் முப்பத்தேழு, வலப்பக்கம் இருபத்திரண்டு, நடுவில் ஒன்று.

"இந்த முப்பத்தேழும் நீல நாரையில் ஆடப்பட்டவை. இந்த இருபத்திரண்டிலும் நாரை பிறகு அடித்தது. இந்த ஒன்று எனக்குத் தெரியாது."

"அப்படியானால் நான் எழுதியது பிழை என்கிறீர்கள்," என்றார் டிக்சன்.

"நீங்கள் எழுதியது முப்பத்தேழில் பிழை. நான் எழுதியது இருபத்திரண்டில் பிழை." இதோடு நிறுத்திவிடலாம் என்று அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. அருமைநாதன் சுவரோடு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் பன்னிரண்டைப் பார்த்துவிட்டு அறுபதுக்குக் கையெழுத்து வைத்தேன். அது என்னுடைய பிழை. இவருடையதில்லை."

மண்டபத்தில் யாரோ ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சேர்ந்து சிரிக்கவில்லை. டிக்சன் பூதக்கண்ணாடியை வாங்கி இரண்டு குவியலிலிருந்தும் ஏழெட்டை எடுத்துப் பார்த்தார். கால்மணி நேரம் ஆயிற்று. பிறகு முப்பத்தேழையும் தன் பெட்டியில் அடுக்கினார். நடுவில் இருந்ததைக் கையில் உருட்டிப் பார்த்து, அதையும் போட்டுக்கொண்டார். இருபத்திரண்டை லெயோபோல்டின் பக்கம் தள்ளினார்.

லெயோபோல்ட் அவற்றைப் பையில் அள்ளிப் போட்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். அவள் எழுந்து கதவு வரை பின்னால் போனாள். அவர் வேகமாக நடந்தார்.

வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் தரிப்பிடத்து வாங்கில் இருந்துவிட்டாள்.

"வேலை போயிடும் எண்டு நினைக்கிறன்," என்றாள்.

"போனாப் போகட்டும்," என்றான் அருமைநாதன். "சந்தையில பெட்டி அடுக்க ஆள் தேடுகினம். ஆனா அங்கயும் நீர் ஒவ்வொரு தக்காளியா எல்லே பாப்பீர்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு அழுகையும் வந்தது.

திங்கட்கிழமை ஜிரூ அவளை உட்காரச் சொல்லவில்லை. டிக்சன் தளத்தில் திருத்தம் எழுதியிருந்தார்: அறுபதில் முப்பத்தேழு உண்மை, சான்றிதழ் எழுதியவர் கவனக்குறைவை ஒப்புக்கொண்டார். அவ்வளவுதான், நன்றியுமில்லை, மன்னிப்புமில்லை. "இரண்டில் ஒன்றை எழுதுங்கள் என்று சொன்னேனே," என்றார் ஜிரூ. இருபத்திரண்டுக்கும் அவர் டிக்சனுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டியிருந்தது. அன்றிலிருந்து அவளைக் கண்ணாடிப் பாத்திரப் பகுதிக்கு மாற்றினார். சான்றிதழ் எழுதும் வேலை நின்றுபோயிற்று.

ஏப்ரலும் மேயும் அவள் வைன் கோப்பைகளைக் கழுவித் துடைத்தாள். தொலைபேசி அடித்தால் கை நிற்பது மெல்ல மெல்லக் குறைந்தது. லெயோபோல்டுக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டாள், பதில் வரவில்லை.

ஜூன் நடுவில் ஒருநாள் ஜிரூ ஒரு சப்பாத்துப் பெட்டியோடு அவள் மேசைக்கு வந்தார். உள்ளே வேறொரு சூதாட்ட வீட்டின் சிப்புகள், எண்பதுக்கு மேல் இருக்கும். ஹமில்டன்காரர் ஒருவர் விற்கத் தந்ததாம். அந்தப் பெண் பார்த்தால்தான் தருவேன் என்றாராம். பெயரை ஜிரூ சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

"நாளை மத்தியானம் பட்டியல் போகவேண்டும்," என்றார்.

"எனக்கு நாலு நாள் வேண்டும், மிஸ்யூ."

"நாலு நாளா?"

"நாலு. குறைந்தால் நான் ஒப்பமிடமாட்டேன்."

ஜிரூ எதையோ முணுமுணுத்துக்கொண்டு போனார். பெட்டியை அவள் மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.