கரிமண்ணில் அருகம்புல்

விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில் சீனுவாசன் வீட்டு வாசலில் மட்டும்தான் புல்தரை இருந்தது. வைத்தவள் அவன் மனைவி ராஜாமணி. பிரம்மதேசம் கிராமத்தில் நெல்லும், மல்லாட்டை என்று அங்கே சொல்லும் வேர்க்கடலையும் போடும் குடும்பத்துப் பெண். என்ஜின் சாம்பல் கொட்டிக் கொட்டிக் கறுத்துப்போன மண்ணில் கால் வைக்கப் பிடிக்காமல், அப்பா வீட்டு வரப்பிலிருந்து ஒரு கோணி அருகங்கொடியைக் கொண்டுவந்து நட்டாள்.

"அதப் புடுங்கிப் புடுங்கி எங்க இடுப்பு ஒடியுது. நீ நட்டு வளக்கிறியா?" என்று அப்பா சிரித்தார்.

அறுபத்தொன்றாம் வருஷம் மாசியில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மெல்லத் திரும்பியது. கைகால் திரும்பவில்லை. சீனுவாசன் அவள் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டான். புல்லைப் பார்க்கும்போது மட்டும் அவள் முகம் இளகியது. அந்தப் புல் இருக்கும்வரை இவளும் இருப்பாள் என்று ஒரு எண்ணம் அவனுக்குள் புகுந்துகொண்டது. அதை யாரிடமும் அவன் சொல்லவில்லை.

அவனுக்குக் கூட்ஸ் வண்டியில் கார்டு வேலை. போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. அவன் இல்லாத நேரத்தில் பக்கத்து வீட்டுக் காசியம்மாள் பார்த்துக்கொள்வாள். வந்ததும் சமைத்து, ராஜாமணியைக் குளிப்பாட்டி, துணி துவைத்து, அதற்கப்புறம் குடத்தைத் தூக்கிக்கொண்டு புல்லுக்கு ஓடுவான். பொதுக் குழாயில் தண்ணீர் கொஞ்ச நேரம்தான் வரும். பிடித்து வைத்ததை உச்சி வெயில் என்றும் பாராமல் தரை முழுக்கத் தெளிப்பான். அடிக்கடி வெட்ட நேரம் ஏது? அதனால் கருக்கரிவாளால் மண் தெரியும்படி ஒட்ட அறுத்துவிட்டான்.

சித்திரை பிறந்ததும் புல் வெளுத்தது. பிறகு சருகானது.

அவன் இன்னும் தெளித்தான். தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு தெளித்தான். வண்டியின் கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியைப் பிடித்து நிற்கும்போதும் அந்தப் பழுப்புத்தான் கண்ணுக்குள் நின்றது. ஒருமுறை விக்கிரவாண்டி தாண்டும்போது நின்றபடியே கண்ணயர்ந்து கம்பியில் நெற்றி மோதிக்கொண்டான்.

திண்டிவனத்தில் மண்டிக்கடை வைத்திருந்த ராஜாமணியின் அண்ணன் கண்ணையன் வந்து பார்த்தார். வாசலில் நின்று காய்ந்த தரையைப் பார்த்தார். சீனுவாசனின் நெற்றிக் காயத்தையும் பார்த்தார்.

"மாப்ளே, உங்களால முடியல. தங்கச்சிய நான் கூட்டிக்கினு போறேன். ஞாயித்துக்கெழம வண்டியோட வர்றேன்."

"அவ இங்கியே இருக்கட்டும் மச்சான்."

"எப்டி இருப்பா? பச்சப்புல்லயே காப்பாத்த முடியலியே உங்களால."

அவர் யோசிக்காமல் சொன்னதுதான். ஆனால் அன்று ராத்திரி வண்டியில் போகும்போதும் அது சீனுவாசன் காதிலேயே கேட்டது.

மறுநாள் காலை டூட்டி முடிந்து வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. குழாய் அதற்குள் நின்றிருந்தது. வீட்டிலிருந்த அண்டாத் தண்ணீரை எடுத்து ஊற்றினான். குடத்தை ஊற்றினான். குடிக்க வைத்திருந்த பானையையும் கொண்டுபோய்க் கவிழ்த்தான். கறுத்த மண் எல்லாவற்றையும் உறிஞ்சிவிட்டு மறுபடியும் வெந்தது.

உள்ளேயிருந்து ராஜாமணி கூப்பிட்டாள். படுக்கை அசிங்கமாகியிருந்தது. கழுவிவிட வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் இல்லை.

அவன் காசியம்மாள் வீட்டுக்கு ஓடினான். அவள் ஒன்றும் கேட்காமல் ஒரு குடம் தண்ணீர் கொடுத்தாள். அவன் திரும்பி வந்தபோது ராஜாமணி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி அழுதுகொண்டிருந்தாள். அவளைத் துடைத்துப் புடவை மாற்றிவிட்டவன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து விம்மினான்.

"செத்துப்போச்சு ராஜாமணி. உன் புல்லு செத்துப்போச்சு. என்னால முடியல."

ராஜாமணி முகத்தை அவன் பக்கம் திருப்பினாள்.

"யாரு உங்கள அதக் காப்பாத்தச் சொன்னது?" என்றாள். "வர்றீங்க, கொடத்தத் தூக்கிக்கினு ஓடுறீங்க. எங்கூட ஒக்காந்து ஒரு வாய் சாப்ட்டு எத்தினி நாளாச்சு? நான் புல்லப் பாக்கல. நீங்க எப்ப உள்ள வருவீங்கன்னு பாத்துக்கினு கெடக்குறேன்."

அவன் நகர்ந்து அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தான்.

"அதுக்கோசரம் அத உடவும் வேணாம். துணி தோய்க்கிற கல்லு ஓரமாப் பாருங்க. அங்க நீங்க அறுக்கல. பச்சையா இருக்குது. நாள் முழுக்க இந்த ஜன்னல்லதான கெடக்குறேன், எனக்குத் தெரியாதா?"

அவன் வெளியே போய்ப் பார்த்தான். கல்லோரத்தில் புல் விரல் உயரத்துக்கு நின்றது. துவைத்த தண்ணீர் அந்தி நேரத்தில் அங்கேதான் மொத்தமாக வழியும். நடுத்தரையில் ஒரு கொடியைப் பிடுங்கினான். மேலே சருகு. கீழே கணுவில் வேர் வெள்ளையாக உயிரோடு இருந்தது. அதைக் கொண்டுவந்து அவள் இடது கையில் வைத்தான்.

"ஒட்ட அறுக்காதீங்க," என்றாள். "அறுத்தாலும் வாரிக் கொட்டாம அங்கியே உடுங்க, மண்ணு காயாது. தெனம் தெளிக்க வேணாம். வாரத்துல ரெண்டு தபா சாயந்தரமா, வேர் நனையற மாதிரி ஊத்துங்க. தெருப்பக்கம் இருக்கறத உட்ருங்க. ஜன்னல் ஓரம் மட்டும் போதும்."

ஞாயிற்றுக்கிழமை கண்ணையன் வாடகைக் காரோடு வந்தார். அதற்குள் புல் தளிர்த்துவிடவில்லை. தரை பழுப்பாகவே கிடந்தது. உள்ளே சீனுவாசன் தட்டில் கேப்பைக் களியைப் பிட்டு ராஜாமணிக்கு ஊட்டிக்கொண்டிருந்தான்.

"கெளம்பலாமா தங்கச்சி?"

"நான் வரல அண்ணே."

"இவரு டூட்டிக்குப் போய்ட்டா?"

"காசியக்கா இருக்குது. வந்தாருன்னா இப்ப எங்கூடத்தான் இருக்காரு."

கண்ணையன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம்தான் வந்தது அவருக்கு. காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அந்தக் கோடை முழுக்கச் சீனுவாசனுக்குப் பயம் விடவில்லை. வண்டி விழுப்புரம் சிக்னலில் நிற்கும் ஒவ்வொரு தடவையும் எட்டி வீட்டுப் பக்கமே பார்ப்பான். தெருப்பக்கத்துப் புல் பொடியாகிப் பறந்தது. ஜன்னலோரத்தில் ஆனி மாதம் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பச்சை எழும்பியது. அவளுடைய கை எழும்பவில்லை. இனி எழும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஐப்பசி மழை விட்ட ஒரு மாலையில் அவளைத் தூக்கிவந்து வாசலில் நாற்காலியில் உட்காரவைத்தான். பாதங்களைப் புல்மேல் இறக்கிவிட்டான். வலது பாதத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. இடது பாதத்தை அவள் மெதுவாக நகர்த்தினாள்.

"குத்துது," என்றாள்.

"வெட்டி உடவா?"

"வேணாம். கெடக்கட்டும். நீங்க ஒக்காருங்க."

அவன் ஈரத்திலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.