மூன்றேகால் அடிச் சந்து

"உள்ள நுழைஞ்சாலே இது காஞ்சிபுரம்னு காலுக்குத் தெரியணும் கமல்" என்று ஓயாமல் உயிரை எடுத்தாள் சென்னையிலிருந்து வந்த ஆர்க்கிடெக்ட் சுகாசினி. கட்டப்போவது ஹோட்டல். தொல்லை தாங்காமல் சைட் இன்ஜினியர் கமல், சின்ன காஞ்சிபுரத்துப் பெரிய வீடுகளின் கொல்லைப்புறச் சந்து ஒன்றைக் காட்டித் தொலைத்தான். அந்தம்மாள் சொக்கியே போனாள்.

"இந்த செவுரு, இந்த நெழல்... நம்ம என்ட்ரன்ஸே இதான்!"

அது என்ன சந்து என்று கமலுக்கா தெரியாது? அவன் அம்மா பொன்னியம்மாள் இருபது வருஷம் இடுப்பில் கூடையோடு அதன் வழியாகப் போய்த்தான் அந்த வீடுகளின் கக்கூஸ் அள்ளினாள். முன்வாசல் பக்கம் அவள் தலை காட்டக் கூடாது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் தன்னை எப்படிப் பார்ப்பார்களோ என்று வெட்கம். பாழாய்ப்போன வெட்கம்! டேப்பைப் பிடித்து அளந்தான். மூன்றேகால் அடி. அரை அங்குலம் பிசகாமல் ஹோட்டல் வாசலில் கட்டியும் கொடுத்தான்.

திறப்பு விழாவுக்கு அம்மாவை அழைத்து வந்தான். தான் கட்டியதில் ஒன்றிலாவது அவள் முன்வாசல் வழியாக நுழைய வேண்டும் என்பது அவனுடைய பல வருஷத்து ஆசை. விளக்கும் பூச்சரமும் தொங்கினால் அவளுக்கு அடையாளமா தெரியப்போகிறது என்று நினைத்துவிட்டான், மடையன்.

சந்து முனையிலேயே பொன்னியம்மாள் நின்றுவிட்டாள். இடுப்பில் கூடை இல்லை. இடது கை மட்டும் தானாக வளைந்து நின்றது.

"இன்னாடா கமலு இது?"

"மேடம் டிசைன்மா."

"இது எதுக்கு இருந்த சந்துன்னு அவங்களாண்ட சொன்னியா?"

அதற்குள் சுகாசினி ஓடி வந்துவிட்டாள்.

"வாங்கம்மா! எப்டி இருக்கு? அப்டியே உங்க ஊர் மாதிரி இருக்குல்ல?"

"அப்டியேதாம்மா இருக்குது. நாத்தம் மட்டுந்தான் இல்ல."

"ஐயோ, ட்ரெய்னேஜ் எல்லாம் பக்காம்மா!" என்று சுகாசினி கலகலவென்று சிரித்தாள். கூட நின்ற விருந்தாளிகளும் சிரித்தார்கள். அப்போதாவது அவன் சொல்லியிருக்க வேண்டும். கமலும் சேர்ந்து சிரித்தான்.

பொன்னியம்மாள் மகன் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு ரோட்டுப் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தாள். கமல் பின்னாலேயே ஓடினான்.

"எம்மா, நில்லுமா! உள்ள வாம்மா!"

ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஏறி உட்கார்ந்தவள் சத்தம் போடாமல் சொன்னாள்:

"அந்த வூட்டுக்காரங்க என்னப் பாத்தா மூக்கதான் பொத்திக்கினாங்க. ஒருத்தரும் சிரிச்சதில்லடா."