வர்ஷா சரி என்றாள்

1

இது கேட்டு வாங்கப்பட்ட கதை. கேட்டவர் கஜபதி. ஆவடியில் ராணுவப் பீரங்கி வண்டிகளுக்குப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் டர்னர், லேத்தில் இரும்பு கடைகிற வேலை. காலை நடையில் எனக்குப் பழக்கம். நான் எழுதுகிறவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் மைதானத்தை நாலு சுற்று சுற்றிவிட்டு, தன் மகளுக்கு நடந்ததை எழுதித் தர முடியுமா என்றார். எதற்கு என்று கேட்டேன்.

"அவளுக்குப் படிச்சுக் காட்டணும் சார். எங்கனா தப்பு கண்டுபுடிக்கிறாளான்னு பாக்கணும்."

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு தகப்பனும் மகளும் தினமும் சண்டை போட்டுக்கொண்டு...' சண்டை என்பது சரியான சொல் இல்லை. விட்டுவிட்டேன்.

பிறகு: 'திருமழிசைக்கு அப்பால், வயல்களுக்கு நடுவே ஒரு கல்லூரி இருந்தது. அங்கே யாரும் யாரையும்...' இது பேய்க்கதை மாதிரி ஆரம்பிக்கிறது. இதில் பேய் கிடையாது. இருந்திருந்தால் கஜபதி இவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

2

வர்ஷா எதையும் எளிதில் ஒப்புக்கொள்கிற பெண் இல்லை. பத்தாவது படிக்கும்போது குமணன்சாவடி மீன் கடையில், தட்டில் வாய் திறந்து துடித்த விரால் ஒன்றைப் பார்த்தாள். அன்றிலிருந்து கறியும் மீனும் தொடவில்லை. அம்மா பத்மா ஒரு மாதம் கெஞ்சினாள், கஜபதி இரண்டு மாதம் கத்தினார். அவள் அசையவில்லை.

அவரிடம் அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது. நீங்கள் செய்கிற பாகம் எங்கே போகிறது, அது யாரைச் சுடுகிறது? சோற்றில் கை வைக்கும்போதுதான் கேட்பாள். அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவார். அடுத்த நாள் ஷிப்டில் அதே கேள்வி லேத்தோடு சேர்ந்து சுற்றும். (அந்தக் கேள்விக்காக மகள் மேல் கோபமா, பெருமையா என்று கேட்டேன். ரெண்டும்தான் என்றார்.)

பன்னிரண்டாவது முடிந்ததும் கல்லூரிப் பேச்சு வந்தது. கஜபதிக்கு இன்ஜினியரிங். வர்ஷாவுக்கு, தன் மனசாட்சிக்கு ஒத்துவருகிற இடம். மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் தனித்தனி மாடிப்படி வைத்திருந்த ஒரு கல்லூரியை வாசலோடு நிராகரித்தாள். இன்னொன்றில் கேள்வி நேரம் என்று ஒன்றே கிடையாது. கடைசியில் திருமழிசைப் பக்கம் அகவெளி என்ற சின்னக் கல்லூரியைக் கண்டுபிடித்தாள். தத்துவம், உயிரியல், நாடகம் எல்லாம் கலந்து படிக்கலாம், ஆசிரியர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். லிபரல் ஆர்ட்ஸ் என்றாள். அதில் என்ன வேலை கிடைக்கும் என்றார் கஜபதி. வேலை கிடைக்கிறதுக்கு முன்னாடி எனக்கு நான் கிடைக்கணும்ல என்றாள்.

சேர்வதற்கு முன் இரண்டு நாள் தங்கிப் பார்க்கலாம் என்றார்கள். கொண்டுபோய் விட்டது கஜபதிதான்.

3

இடத்தைப் பற்றி அவரால் குறை சொல்ல முடியவில்லை. வேப்பமர நிழல், ஓடு வேய்ந்த வகுப்பறைகள், தொழிற்பேட்டையின் இரைச்சல் எட்டாத அமைதி. பிள்ளைகள் மெதுவாகப் பேசினார்கள். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருந்தார்கள். முடித்ததும் எல்லோரும் ஒரேபோலத் தலையசைத்தார்கள்.

வர்ஷாவின் பள்ளித்தோழி ஷர்மிளா போன வருடமே அங்கே சேர்ந்திருந்தாள். பேச்சுப்போட்டியில் நடுவரையே மடக்கியவள். வர்ஷா அவளைக் கட்டிக்கொண்டு, இங்கே எல்லாரும் ஏன் இப்படித் தலையாட்டுகிறார்கள், எனக்குப் பிடிக்கவில்லை என்றாளாம். ஷர்மிளா புன்னகைத்து, "நீ சொல்றதும் சரிதான்" என்றாள்.

அப்போதே கூட்டிக்கொண்டு வந்திருக்கவேண்டும் என்கிறார் கஜபதி.*

* எழுதுகிறவனுக்கும் அதுதான் தோன்றுகிறது. ஆனால் அப்படிச் செய்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

4

மூன்றாம் நாள் காலை போய் அழைத்துவந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எப்படி இருந்தது என்றார். நல்லா இருந்தது என்றாள். சும்மா சீண்டுவதற்காக, பேசாமல் இன்ஜினியரிங்கே சேர்ந்துவிடேன் என்றார்.

"சரிப்பா."

அவருக்கு முதலில் சந்தோஷம். பூந்தமல்லி வந்தபோது அது போய்விட்டது. இல்லை, உன் கல்லூரியிலேயே சேர் என்று மாற்றிச் சொன்னார். அதற்கும் சரிப்பா. படிக்கவே வேண்டாம், வீட்டிலேயே இரு என்றார். சரிப்பா. குரலில் கேலி இல்லை, கோபம் இல்லை. முகம் தெளிவாக இருந்தது, நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், பத்மா தடுக்கத் தடுக்க, பொரித்த மீன் துண்டு ஒன்றை மகளின் தட்டில் வைத்தார். எழுந்து கத்துவாள் என்று நம்பினார். அவள் முள்ளை நிதானமாக எடுத்துவிட்டுத் தின்றாள். நல்லா இருக்குப்பா என்றாள்.

பத்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். கஜபதி தட்டைத் தள்ளினார், ஆனால் எழுந்துபோகவில்லை. இத்தனை வருடமாகச் சொல்லாத பதிலை அன்று, கேட்காமலே சொன்னார். தான் செய்த பாகம் யாரைக் கொன்றதோ தெரியாது, அதை நினைத்துத் தூங்காத நாட்கள் உண்டு என்றார். வர்ஷா அவரை அன்போடு பார்த்தாள்.

"அதுவும் சரிதாம்பா."

5

மறுநாள் லீவு போட்டுவிட்டு அகவெளிக்குப் போனார், சண்டை போட. மணவாளன் என்ற ஆசிரியர் நாற்காலி போட்டு, மோர் கொடுத்தார். எம்பொண்ண இன்னா பண்ணீங்க என்று கஜபதி குரலை உயர்த்தினார். மணவாளன் கடைசி வார்த்தைவரை கேட்டார். பிறகு சொன்னார்:

"நாங்க எதுவும் பண்ணலீங்க. அவ சொன்ன எல்லாத்தையும் ஒத்துக்கினோம். எதிர்க்க ஆளே இல்லன்னா கொஞ்ச நேரத்துல மனசு அமைதியாயிடும். உங்க கோவமும் நியாயமானதுதான்."

கஜபதி மறுபடி கத்தினார். அதையும் அவர் நியாயம் என்றார். வாசலில் நாலைந்து பிள்ளைகள் வந்து நின்று மெல்லத் தலையசைத்தார்கள். எவ்வளவு நேரம் போனது என்று கஜபதிக்குத் தெரியவில்லை. வேப்பம்பூ உதிர்ந்துகொண்டே இருந்தது. எதற்காக வந்தோம் என்பதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்போது யாரோ, "நீங்க சொல்றதும் சரிதாங்க" என்றார்கள். தன் வாய்தான் அது என்று தெரிந்ததும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் சாலைக்கு ஓடிவந்தார்.

6

முடிவுக்கு மூன்று வழி வைத்திருந்தேன். மைதானத்தில் அவரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

வர்ஷா அப்பாவுக்குப் பாடம் புகட்ட நடிக்கிறாள், ஒருநாள் சிரித்துவிடுகிறாள். அதுவும் நல்லாத்தான் கீது சார் என்றார்.

கல்லூரியைப் பெற்றோர்கள் திரண்டு மூடுகிறார்கள். அதுவும் சரிதான் சார்.

அவள் அங்கேயே சேர்ந்து, வேப்பமரத்தடியில் கடைசிவரை நிம்மதியாக... முடிக்காத இந்த வரியைக் கேட்டும் தலையசைத்தார். கதையைக் கேட்டு வாங்கிய மனிதர், எப்படி எழுதினாலும் சம்மதம் என்கிறார். அவரும் மாட்டிக்கொண்டாரோ என்று பட்டது. அன்று மாலையே காகிதங்களை எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குப் போனேன்.

7

பத்மா காபி கொடுத்தாள். வர்ஷா எதிரில் உட்கார்ந்து கவனமாகக் கேட்டாள். தன்னைப் பற்றிய கதையை, அடித்த வரிகளோடும் அரைகுறை வாக்கியங்களோடும். மீன் துண்டு வந்த இடத்தில்கூடத் தலையசைத்தாள். கடைசிக்கு வந்ததும், காகிதத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தை நானே சேர்த்துப் படித்தேன்:

'வர்ஷா சின்ன வயதிலிருந்தே அப்பா பேச்சைத் தட்டாத பெண்.'

அவள் தலை பாதி அசைந்து நின்றது. புருவம் சுருங்கியது. தூரத்தில் யாரோ கூப்பிட்டதுபோல ஒரு கணம் காது கொடுத்தாள்.

"இல்ல" என்றாள்.

பத்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கஜபதியைப் பார்த்தேன். இந்த ஒரு சொல்லுக்காகத்தானே கதை கேட்டார். அவர் மகளை அன்போடு பார்த்தார். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். மெதுவாகத் தலையசைத்தார்.

"நீ சொல்றதும் சரிதாம்மா."

வர்ஷா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அப்பாவின் முகத்துக்கு நேரே குனிந்து, மீன் கடையில் தட்டைப் பார்த்த அந்தச் சிறுமியின் கண்களோடு பார்த்தாள். பிறகு, அவள் வழக்கமாகக் கேட்கும் குரலில்,

"அப்பா, நீங்க..."

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. அவள் என்ன கேட்டாள், அவர் எழுந்துபோனாரா, தலையசைத்தாரா என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும். நான் மூன்று முடிவு சொன்னேனே, அவற்றில் ஒன்றும் சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், தயவுசெய்து வாய்விட்டுச் சொல்லுங்கள்.